இம்பிளான்ட் வைத்த பின் ஈறு ஆறும் நாட்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இம்பிளான்ட் என்பது இழந்த பல்லுக்குப் பதிலாகத் தாடை எலும்பில் பதிக்கும் உலோக வேர். அதை வைத்த இடத்தில் முதல் நாள் உறையும் ரத்தத்தின் மேல்தான் புது ஈறு வளர்கிறது. பலர் அதைத் தெரியாமலே கலைத்துவிடுகிறார்கள். வாயில் ரத்தச் சுவை தட்டியதும் கொப்பளித்துத் துப்பத் தோன்றும். துப்பத் துப்பக் கசிவு கூடும். முதல் 24 மணி நேரம் கொப்பளிக்காதீர்கள், ஸ்ட்ரா போட்டு உறிஞ்சாதீர்கள், எச்சிலை விழுங்கிவிடுங்கள். கசிவு நிற்காவிட்டால் சுத்தமான காஸ் துணியை நனைத்து மடித்து 30 நிமிடம் அழுத்திக் கடித்திருங்கள். நடுவில் எடுத்துப் பார்த்தால் உறைந்தது பிய்ந்து வந்துவிடும்.

வீக்கம் இரண்டாம், மூன்றாம் நாளில்தான் உச்சத்துக்கு வரும். அதற்குப் பயந்து முதல் நாளே வெந்நீர் ஒத்தடம் கொடுப்பது தவறு. ஐஸைத் துணியில் சுற்றிக் கன்னத்தில் 15 நிமிடம் வையுங்கள், 15 நிமிடம் எடுத்துவிடுங்கள்.

அடுத்தது, அதிகம் பேர் ஏமாறும் இடம். மூன்று நான்கு நாளில் தையல் மேல் வெள்ளையாக, லேசான மஞ்சளாக ஒரு படலம் தெரியும். சீழ் என்று நினைத்துப் பஞ்சாலோ விரலாலோ துடைத்தெடுப்பார்கள். அது பெரும்பாலும் ஃபைப்ரின், காயத்தை உடலே மூடிக்கொள்ளும் படலம். தேய்த்தால் அடியில் வளரும் மெல்லிய ஈறும் சேர்ந்து உரியும். சீழ் என்றால் அழுத்தும்போது கசியும், நாற்றம் வரும், வலி நாளுக்கு நாள் ஏறும்.

காயத்துக்குப் பயந்து மற்ற பற்களையும் துலக்காமல் விட்டால் அந்த அழுக்கே தையலுக்கு வந்து சேரும். தையல் பக்கம் மட்டும் பிரஷ் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மருத்துவர் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி வாய்க்கழுவி மருந்தை எழுதியிருந்தால் பற்பசை போட்டு அரை மணி நேரம் கழித்தே பயன்படுத்துங்கள். பசையின் நுரைப்பொருள் மருந்தின் வீரியத்தைக் குறைக்கும். குலுக்காமல் வாயில் வைத்திருந்து, தலையைச் சாய்த்து வழியவிட்டால் போதும். சொன்ன நாளைத் தாண்டித் தொடர்ந்தால் பற்களில் பழுப்புக் கறை படியும்.

புகை விஷயத்தில் சமரசமே கூடாது. நிகோடின் ரத்தக் குழாய்களைச் சுருக்குவதால் தையல் ஓரம் ரத்தமின்றி விரிந்து, உள்ளே உலோகம் தெரியத் தொடங்கலாம். குறைந்தது 8 வாரம் நிறுத்துங்கள். புகையிலை போட்ட வெற்றிலைக்கும் இதே கதிதான்.

இட்லி, குழைந்த தயிர்சாதம், ஆறிய கேழ்வரகுக் கஞ்சி நல்லது. ஆனால் தாளித்த கடுகும் எள்ளும் தையலுக்குள் போய் மாட்டிக்கொள்ளும். கழற்றி மாட்டும் பல்செட்டு காயத்தில் அழுத்தினால், மருத்துவர் தேய்த்துச் சரிசெய்யும் வரை போடாதீர்கள். ஈறின் மேல் தெரியும் சிறு உலோக மூடி ஆடினால் விரலால் திருகாமல் அன்றே சொல்லுங்கள். தாமதித்தால் அந்த இடத்தை ஈறு மூடிவிடும். தையல் பிரித்ததும் ஆறிவிட்டது என்று அந்தப் பக்கம் முறுக்கு கடிப்பவர்கள் உண்டு. ஈறு முதிர 6 முதல் 8 வாரம் ஆகும். எலும்பு பிடிக்கப் பொதுவாக 3 முதல் 6 மாதம்.

மேல்தாடையில் சைனஸ் வேலையும் (மேல் பற்களுக்கு மேலே உள்ள காற்றறையின் தளத்தை உயர்த்தும் சிகிச்சை) செய்திருந்தால் இரண்டு வாரம் மூக்கைச் சிந்தாதீர்கள். தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்முங்கள்.

கீழ்த்தாடை இம்பிளான்டுக்குப் பின் மறுநாள் காலையிலும் கீழுதடு மரத்தே இருந்தால் காத்திருக்கக் கூடாது. நரம்பு அழுந்தியிருக்கலாம். அன்றே மருத்துவமனையை அழையுங்கள்.