‘ஸ்கல்டகரி’: இந்த ஆங்கிலச் சொல்லைக் கற்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தேர்தல், நிறுவனங்களின் கணக்குவழக்கு ஆகியவை பற்றிய ஆங்கிலச் செய்திகளில் ‘ஸ்கல்டகரி’ (skulduggery) என்ற சொல் அவ்வப்போது தலைகாட்டும். மறைவாகச் செய்யப்படும் நேர்மையற்ற சூழ்ச்சி என்பது அதன் பொருள். போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் பலர் இதை மனப்பாடம் செய்திருந்தும், சொந்தமாக ஒரு வாக்கியம் எழுதும்போது தடுமாறுகிறார்கள்.

பெரும்பாலான தவறுகளுக்கு வேர், சொல்லைப் பிரித்துப் பார்ப்பதில் இருக்கிறது. மண்டையோட்டைக் குறிக்கும் ‘ஸ்கல்’, தோண்டியதைக் குறிக்கும் ‘டக்’ ஆகிய இரண்டும் சேர்ந்த சொல் இது என்று எண்ணி, கல்லறைத் திருட்டோடு முடிச்சுப் போட்டு நினைவில் வைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் இது, முறையற்ற பாலுறவைக் குறித்த ‘ஸ்கல்டடரி’ என்ற ஸ்காட்லாந்து வழக்குச் சொல்லின் திரிபு. சூழ்ச்சி என்ற இன்றைய பொருள் 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில் வேரூன்றியது. அமெரிக்கர்கள் இரண்டு ‘எல்’ இட்டு எழுதுவதும் உண்டு, பிரிட்டிஷ் வழக்கில் ஒரு ‘எல்’ போதும். ஒரே கட்டுரையில் இரண்டையும் கலக்கக் கூடாது.

மண்டையோடு மனத்தில் பதிந்துவிட்டால், கொலை, கொள்ளை போன்ற வன்முறைக்கும் இச்சொல்லைப் பயன்படுத்தத் தோன்றும். அது பிழை. 1972 ஜூன் 17 அன்று வாஷிங்டனின் வாட்டர்கேட் வளாகத்தில் ஜனநாயகக் கட்சி அலுவலகத்துக்குள் புகுந்த ஐந்து பேர் பிடிபட்டார்கள். உள்ளே புகுந்த செயலுக்குச் சட்டத்தில் ‘பர்க்ளரி’ என்ற தனிப்பெயர் உண்டு. ஆனால் ஒட்டுக்கேட்கத் திட்டமிட்டது, பிடிபட்டவர்களுக்கு ரகசியமாகப் பணம் கொடுத்து வாயடைக்கப் பார்த்தது, விசாரணையைத் திசைதிருப்ப முயன்றது என 1974 ஆகஸ்டில் அதிபர் நிக்சனைப் பதவி விலக வைத்த அந்த உள்ளடி வேலைகள் அனைத்தையும் சேர்த்துச் சொல்ல ‘பொலிட்டிகல் ஸ்கல்டகரி’ என்பதே கச்சிதமாகப் பொருந்தும்.

இலக்கணத்திலும் கவனம் தேவை. ‘சூழ்ச்சி செய்தான்’ என்ற தமிழ் அமைப்பை அப்படியே பெயர்த்து ‘ஹி டிட் எ ஸ்கல்டகரி’ என்று எழுதுகிறார்கள். இது பொதுவாக எண்ணிக்கைக்கு உட்படாத பெயர்ச்சொல் என்பதால் முன்னால் ‘எ’ வராது; ‘ஹி எங்கேஜ்ட் இன் ஸ்கல்டகரி’ என்பதே சரி. செயலைக் குறிக்கும் இச்சொல்லால் ஆளைச் சுட்டவும் முடியாது.

‘சதி’ என்று மட்டும் பொருள் எழுதிவைத்துக்கொள்வதும் சரியன்று. சதியைக் குறிக்கும் ‘கான்ஸ்பிரஸி’ சட்டச் சொல். இந்தியச் சட்டப்படி குற்றச்சதிக்கு இருவராவது உடன்பட்டிருக்க வேண்டும். ‘ஸ்கல்டகரி’யை ஒருவர் தனியாகவும் செய்யலாம். நம் பேச்சில் தில்லுமுல்லு, தகிடுதத்தம் என்பவையே இதற்கு நெருக்கமானவை. அவற்றைப் போலவே இதிலும் பேச்சுவழக்கின் சாயல் இருப்பதால், பத்திரிகைக் கட்டுரையில் இது எடுப்பாக அமையும்; காவல்துறைக்குத் தரும் புகார் மனுவில் ‘ஃபிராட்’, ‘சீட்டிங்’ போன்ற சட்டச் சொற்களையே எழுத வேண்டும்.