புகைப்பதை நிறுத்தச் செயலி போட்டிருக்கிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

என் அத்தான் கிளிநொச்சி வட்டக்கச்சியில் வயல் செய்பவர். ஒரு நாளைக்கு 20 பீடி பிடிப்பார். புகையை விடுவதற்கென்று போனில் ஒரு செயலியைப் போட்டு, 11 நாட்கள் ஒன்றைக்கூடத் தொடாமல் இருந்தார். காலபோக வெட்டு முடிந்து, வீதியோரம் நெல் காயப்போட்டுக் காவலிருந்த இரவில், பக்கத்தில் இருந்தவர் நீட்டிய பீடியை வாங்கிவிட்டார். விடிந்ததும் நேர்மையாகச் செயலியில் பதிந்தார். பெரிதாக நின்ற 11 அழிந்து பூச்சியம் வந்தது. "எல்லாம் போச்சுது, இனி என்னத்துக்கு" என்று அன்றே செயலியை அழித்தார். பின்னேரம் ஒரு கட்டுப் பீடி வாங்கினார்.

நான் பார்த்தவரையில் ஆட்களை அதிகம் விழுத்துவது இந்தப் பூச்சியம்தான். அந்த 11 நாட்களில் அவர் பிடிக்காமல் விட்ட 220 பீடிகளை ஒரு பீடி அழித்துவிடாது. சறுக்குவது வேறு, பழையபடி தொடங்குவது வேறு. நிரந்தரமாக விட்டவர்களில் பெரும்பாலானோர் பல தடவை முயன்றவர்கள்தான். சில செயலிகளில் நாட்கணக்கை அழிக்காமலே ஒரு சறுக்கலைப் பதியலாம். உங்களுடையதில் அந்த வசதி இருக்கிறதா என்று முதல் நாளே பாருங்கள். இல்லையென்றால் சுவர்க் கலண்டர் போதும். புகைக்காத நாளுக்குச் சரி போடுங்கள். சறுக்கிய நாளில் எங்கே, யாரோடு, எத்தனை மணிக்கு என்று மூன்று சொல் எழுதுங்கள். அத்தானுக்கு அது 'காவல், பக்கத்திலிருந்தவர், இரவு' என்று இருந்திருக்கும். அடுத்த தடவை எதற்கு ஆயத்தமாக வேண்டும் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

இன்னொரு தவறு, தகவலைப் பிழையாகக் கொடுப்பது. பல செயலிகள் சிகரெட் பெட்டி விலை கேட்கும். நம்மில் பலர் கடையில் ஒன்றிரண்டாகத்தான் வாங்குகிறோம். ஒன்றின் விலையைப் பெட்டிக் கணக்குக்குப் பெருக்கிப் போடுங்கள், நாணயத்தையும் ரூபாவுக்கு மாற்றுங்கள். அப்போதுதான் மிச்சம் பிடித்த காசு உண்மையாகத் தெரியும். பீடியையும் சுருட்டையும் கணக்கில் சேர்க்காதவர்கள் இருக்கிறார்கள். பீடிப் புகையிலும் அடிமையாக்கும் நிக்கோட்டினும் காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயுவும் இருக்கின்றன. சிகரெட்டை விட்டுவிட்டு வெற்றிலையோடு புகையிலை போட்டாலும் நிக்கோட்டின் உடம்புக்குள் போய்க்கொண்டேதான் இருக்கும்.

நினைவூட்டல் நேரத்தையும் அப்படியே விட்டுவிடாதீர்கள். காலை 9 மணிக்கு அலுவலகம் போகிறவருக்கு வைத்த நேரம், விடிய 4 மணிக்கு வயலுக்கோ கடலுக்கோ போகிறவருக்கு உதவாது. உங்களுக்கு ஆசை வருவது பிளேன்ரீக்குப் பிறகா, பஸ்ஸுக்கு நிற்கும்போதா, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகா என்று பார்த்து, அதற்குப் பத்து நிமிடம் முன்னதாக வையுங்கள். போனில் பற்றரியை மிச்சம் பிடிக்கும் அமைப்பு சில வேளை நினைவூட்டலை நிறுத்திவிடும். இந்தச் செயலிக்கு மட்டும் அதை எடுத்துவிடுங்கள். காட்டோரக் கிராமங்களில் சிக்னல் வந்து வந்து போகும். டேட்டா இல்லாமலும் திறக்கிறதா என்று முதலே சோதியுங்கள்.

செயலியை மட்டும் நம்பி இருப்பதும் தவறு. அமெரிக்காவில் 2,415 பேரோடு நடந்து 2020 இல் வெளியான ஆய்வு ஒன்று இருக்கிறது. ஆசையோடு மல்லுக்கட்டாமல் அது வந்து போக விடப் பழக்கும் ஐகான்குவிட் செயலியைப் பாவித்தவர்களில் 28 சதவீதம் பேர் ஒரு வருடம் கழித்துப் புகைக்காமல் இருந்தார்கள். ஒப்பிட்ட மற்றச் செயலியில் 21 சதவீதம். நல்ல பலன்தான், ஆனாலும் பத்தில் ஏழு பேருக்கு அது மட்டும் போதவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2024 இல் வெளியிட்ட வழிகாட்டி செயலிகளை ஏற்றுக்கொள்கிறது, கூடவே ஆலோசனையையும் மருந்தையும் பரிந்துரைக்கிறது. ஆகவே நாட்களை மட்டும் எண்ணும் செயலியை விட, ஆசை வரும் அந்த ஐந்து பத்து நிமிடத்தில் ஏதாவது செய்யச் சொல்லும் செயலியைத் தேடுங்கள். புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகார சபையின் 1948 என்ற இலக்கத்தையும் போனில் சேமித்து வையுங்கள். போரில் இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில், முகாமில், பயத்துக்கும் பசிக்கும் புகைக்கத் தொடங்கியவர்கள் இங்கே அதிகம். விடும்போது பழைய நினைவுகள் எழும்பி நித்திரை கெட்டால், திரையோடு தனியே இருக்க வேண்டாம். அரச வைத்தியசாலையின் மனநலப் பிரிவில் கதையுங்கள்.

புகை ஆசையைத் தணிக்கும் மருந்தாக நிக்கோட்டின் சுவிங்கம் எடுப்பவர்கள் அதை வெற்றிலை போல வேகமாக மெல்லக் கூடாது. மெதுவாக மென்று, காரம் தெரிந்ததும் கன்னத்தில் ஒதுக்கி வையுங்கள். வேகமாக மென்று எச்சிலை விழுங்கினால் விக்கலும் குமட்டலும் வரும். கர்ப்பிணிகளும் இதய நோயாளிகளும் டொக்டரைக் கேட்டே எடுக்க வேண்டும்.

'உங்கள் நுரையீரல் தேறுகிறது' என்று செயலி காட்டும் பச்சைக் கோடு, நீங்கள் புகைக்காத நாட்களை வைத்துப் போட்ட பொதுக் கணக்கு. உங்கள் நெஞ்சை யாரும் அங்கே சோதிக்கவில்லை. இரண்டு மூன்று கிழமையாக இருமல் நிற்காவிட்டால், சளியில் இரத்தம் கண்டால், அந்தக் கோடு எவ்வளவு ஏறியிருந்தாலும் வைத்தியசாலைக்குப் போங்கள். நெஞ்சு நோவு வந்தால் உடனே போங்கள்.