பைக்கில் ஸ்டியரிங் டேம்பரை நாமே பொருத்துவது எப்படி?

நெடுஞ்சாலையில் 90 கிலோமீட்டர் வேகத்தில் சென்றுகொண்டிருக்கும்போது பாலத்தின் இணைப்பிலோ பள்ளத்திலோ முன்சக்கரம் ஏறி இறங்கிய மறுநொடியில், ஹேண்டில் பார் இடமும் வலமுமாக ஓரிரு முறை உதறிவிட்டு அடங்குவதைப் பலர் உணர்ந்திருப்பார்கள். அந்த உதறலைக் கட்டுப்படுத்தும் கருவிதான் ஸ்டியரிங் டேம்பர். கடைகளில் இதை ஸ்டெபிலைசர் என்றும் கேட்டு வாங்குகிறார்கள். என்னுடைய பழைய கேடிஎம் 390 டியூக்கில் நானே இதைப் பொருத்தியிருக்கிறேன் என்பதால், அந்த அனுபவத்தை வைத்தே இந்த விளக்கத்தை எழுதுகிறேன். முன்சக்கரத்தின் இரண்டு பக்கமும் ஃபோர்க் (ஷாக் குழாய்) உள்ள எந்த பைக்குக்கும் முறை ஏறக்குறைய இதேதான்.

உதறல் ஏன் வருகிறது என்பதை முதலில் தெரிந்துகொள்வது நல்லது. ஸ்டியரிங் அச்சை நேராகத் தரைவரை நீட்டினால் அது தொடும் புள்ளிக்குச் சற்றுப் பின்னால்தான் டயர் தரையைத் தொடுகிறது. இந்த இடைவெளி இருப்பதால்தான், திருப்பிவிடப்பட்ட முன்சக்கரம் தானாகவே நேராக வரப் பார்க்கிறது. ஆனால் வேகத்தில் ஒரு மேடு தட்டும்போது, நேராக வரும் சக்கரம் நடுவில் நிற்காமல் மறுபக்கம் தாண்டிப்போய், அங்கிருந்து மீண்டும் திரும்பி வருகிறது. இப்படி நொடிக்கு ஏறத்தாழ 4 முதல் 10 முறை ஆடும் இந்த ஆட்டம் வழக்கமாகத் தானாகவே தேய்ந்து அடங்கிவிடும். அடங்காமல் வளர்ந்தால் ஹேண்டில் பார் கையைவிட்டுப் போய் டேங்கில் இருபுறமும் மோதும் அளவுக்குப் போகலாம். டேம்பரின் உள்ளே எண்ணெய் நிரம்பிய குழாயில் ஒரு பிஸ்டன் நகர்கிறது. மெதுவாகத் திருப்பினால் எண்ணெய் சிறு துளை வழியாக எளிதில் கடந்துவிடும். வெடுக்கென்று திருப்பினால் கடக்க முடியாமல் எதிர்ப்புக் காட்டும். ஆகவே சாதாரணமாக ஓட்டும்போது அது இருப்பதே தெரியாது, உதறலின்போது மட்டும் பிடித்து நிறுத்தும்.

வாங்குவதற்கு முன் பைக்கைச் சோதியுங்கள்

இந்தப் பகுதியைத் தாண்டிச் செல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன், ஏனெனில் டேம்பர் தேவை என்று நினைத்து வருபவர்களில் பலருக்குத் தேவைப்படுவது புதிய கோன்செட்தான், அதாவது ஹேண்டில் திரும்புவதற்கான பேரிங் செட்தான். முன்சக்கரம் தரையிலிருந்து எழும்படி பைக்கை நிறுத்தி, ஹேண்டில் பாரை ஒரே விரலால் மெல்லத் தள்ளிப் பாருங்கள். நேராக வரும் இடத்தில் ஒரு சிறு குழிக்குள் விழுந்து நிற்பதுபோல் தட்டுப்பட்டால் கோன்செட் தேய்ந்துவிட்டது என்று பொருள். பிறகு ஃபோர்க்கின் கீழ்முனைகளைப் பிடித்து முன்னும் பின்னும் இழுத்துப் பாருங்கள். ‘டொக்’ என்ற ஆட்டம் இருந்தால் கோன்செட் தளர்ந்திருக்கிறது. இவற்றோடு டயரின் காற்றழுத்தம், டயர் தேய்ந்திருக்கும் விதம், சக்கர பேரிங், பேலன்ஸ் ஆகியவற்றையும், பின்னால் பெரிய பெட்டி மாட்டி அதில் கனமான சாமான்களை ஏற்றும் பழக்கத்தையும் சந்தேகிக்க வேண்டும். பின்பாரம் கூடினால் முன்சக்கரத்தின் மீதுள்ள எடை குறைந்து உதறல் எளிதில் தொடங்கிவிடும்.

ஹேண்டில் மட்டுமல்லாமல் பைக் முழுவதுமே பாம்பு நெளிவதுபோல் நொடிக்கு 2 முதல் 4 முறை மெதுவாக அசைந்தால் அது வேறு நோய். ஸ்விங் ஆர்ம் (பின்சக்கரத்தைப் பிடிக்கும் கை) புஷ், பின் ஷாக், பின்டயர் ஆகிய இடங்களில் அதன் காரணத்தைத் தேட வேண்டும். டேம்பர் அதைத் தீர்க்காது. அதிக வேகத்தில் அந்த நெளிவை மோசமாக்கவும் கூடும்.

அளவு எடுப்பது

நேர்கோட்டு டேம்பர், சுழல் டேம்பர் என இரண்டு வகைகள் உண்டு. சுழல் வகை, இரண்டு ஃபோர்க்குகளையும் சேர்த்துப் பிடிக்கும் டி-ஸ்டெம்மின் மேலே உட்காரும், விலையும் அதிகம். நாம் பார்க்கப்போவது குழாய் வடிவிலான நேர்கோட்டு வகையை. பெட்டியில் டேம்பர், அதன் உடலைப் பிடிக்கும் வளையம், ஃபோர்க்கில் மாட்டும் கிளாம்ப், சட்டகத்தில் மாட்டும் பிராக்கெட், உருண்டை மூட்டுகள், ஸ்பேசர்கள், போல்ட்டுகள் ஆகியவை இருக்கும். உங்கள் மாடலுக்கென்றே செய்த பிராக்கெட் கிடைத்தால் அதையே வாங்குங்கள். எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்று விற்கப்படும் கிட் என்றால், பிஸ்டன் நகரும் தூரத்தை நீங்களே கணக்கிட வேண்டியிருக்கும்.

கிளாம்ப்பையும் பிராக்கெட்டையும் மட்டும் கையால் இறுக்கி மாட்டிக்கொண்டு, டேம்பரின் இரண்டு முனைகளும் வரவேண்டிய போல்ட் துளைகளுக்கு இடையிலான தூரத்தை ஹேண்டில் முழு இடம், நேர், முழு வலம் ஆகிய நிலைகளிலும், அவற்றுக்கு இடைப்பட்ட ஓரிரு நிலைகளிலும் அளந்து எழுதுங்கள். சில அமைப்புகளில் மிகக் குறைந்த அல்லது மிக அதிக தூரம் கடைசி நிலையில் வராமல் நடுவழியில் வரும் என்பதால், இரண்டு கோடிகளை மட்டும் அளந்தால் ஏமாந்துவிடுவோம். என் வண்டியில் குறைந்தது 214, அதிகம் 266 மில்லிமீட்டர் வந்தது, வித்தியாசம் 52. பிஸ்டன் 68 மில்லிமீட்டர் நகரும் டேம்பரை வாங்கியதால் இருபுறமும் 8 மில்லிமீட்டர் மிஞ்சியது. ஒவ்வொரு பக்கமும் குறைந்தது 5 மில்லிமீட்டராவது மிஞ்ச வேண்டும்.

பொருத்துதல்

ஆலன் கீ செட், டார்க் ரெஞ்ச் (இறுக்கும் அளவைக் காட்டும் ஸ்பேனர்), வண்டியைத் தூக்கி நிறுத்தும் பாடக் ஸ்டாண்ட், நீல நிற திரெட் லாக்கர் (போல்ட் தளராமல் பிடிக்கும் பசை), ஒரு பழைய துணி, அளவுகோல் ஆகியவை போதும். டேங்கின் மீது துணியை விரித்துக்கொண்டால் ஸ்பேனர் நழுவினாலும் பெயின்ட் தப்பிக்கும்.

ஃபோர்க் குழாயில் கிளாம்ப் உட்காரும் இடத்தை எண்ணெய்ப் பிசுக்கும் மண்ணும் இல்லாமல் துடைத்துவிட்டு, டி-ஸ்டெம்மின் மேல் தட்டுக்கும் கீழ்த் தட்டுக்கும் இடையே கிளாம்ப்பை மாட்டுங்கள். ஷாக் அமுங்கும்போது மேலும் கீழும் நகரும் பகுதியில் எக்காரணம் கொண்டும் மாட்டக் கூடாது. பிறகு சட்டகத்தின் பக்கம் பிராக்கெட்டை மாட்டி, டேம்பரை இரண்டு முனைகளிலும் இணையுங்கள். இந்தக் கட்டத்தில் எந்த போல்ட்டையும் இறுக்க வேண்டாம். எதிர்ப்பைக் கூட்டிக் குறைக்கும் டேம்பரின் டயலையும் மிக மென்மையான நிலையில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி வருவதுதான் முழு வேலையிலும் முக்கியமான பகுதி. டேம்பரின் தண்டில் ஒரு மெல்லிய ரப்பர் வளையத்தை நகர்த்தி விட்டுவிட்டு, ஹேண்டிலை ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை மெதுவாகத் திருப்புங்கள். தண்டு எதுவரை உள்ளே போனது என்பதை வளையம் காட்டிவிடும். ஹேண்டில் நின்றது சட்டகத்தில் உள்ள ஸ்டாப்பரில் முட்டியதாலா, டேம்பரின் பிஸ்டன் குழாயின் அடியில் முட்டியதாலா என்பதைக் குனிந்து பார்த்து உறுதிசெய்யுங்கள். எப்போதும் ஸ்டாப்பர்தான் முதலில் முட்ட வேண்டும். டேம்பரே தடையாக நின்றால், வண்டி ஒருமுறை கீழே விழுந்தாலும் தண்டு வளையும், பிராக்கெட் முறியும். அதைவிட மோசமாக, திருப்பத்தின் நடுவில் ஹேண்டில் எதிர்பாராமல் நின்றுவிடும்.

முதல்முறை நான் இதைச் சரியாகப் பார்க்கவில்லை. வேலை முடிந்த பெருமையில் வண்டியை நிறுத்திவிட்டு ஹேண்டில் லாக் போடப் பார்த்தால் சாவி திரும்பவே இல்லை. லாக் பழுதாகிவிட்டதோ என்று கால் மணி நேரம் எண்ணெய் விட்டுக்கொண்டிருந்த பிறகுதான், இடப்பக்கம் கடைசி 2 மில்லிமீட்டரை டேம்பர் தின்றுகொண்டிருந்தது புரிந்தது. உடலைப் பிடிக்கும் வளையத்தைத் தளர்த்தி டேம்பரைச் சற்றே நகர்த்தியதும் சாவி திரும்பியது. அன்றிலிருந்து ஹேண்டில் லாக் விழுகிறதா என்பதையே என் முதல் சோதனையாக வைத்திருக்கிறேன்.

அடுத்து, முனைகளில் உள்ள உருண்டை மூட்டுகள் எந்த நிலையிலும் சாய்ந்து இறுகாமல் இருக்கின்றனவா என்று பாருங்கள். இறுகினால் ஸ்பேசர் சேர்த்தோ நீக்கியோ டேம்பர் கோணலாகாமல் அமையச் செய்யுங்கள். கிளட்ச் கேபிள், பிரேக் ஹோஸ், வயரிங் எதுவும் டேம்பரில் உரசவோ சிக்கவோ கூடாது. இன்ஜினை ஓடவிட்டு ஹேண்டிலை இருபுறமும் திருப்பும்போது இன்ஜின் சத்தம் கூடினால், ஏதோ ஒரு கேபிள் இழுபடுகிறது என்று அர்த்தம்.

எல்லாம் சரியென்றால் போல்ட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, திரெட் லாக்கரை ஒரு சொட்டு வைத்து, கிட்டுடன் வந்த தாளில் உள்ள அளவுக்கு இறுக்குங்கள். ஆறு மில்லிமீட்டர் போல்ட்டுகளுக்கு அது பெரும்பாலும் 10 நியூட்டன் மீட்டரை ஒட்டியே இருக்கும், அதாவது கைக்குப் போதாது போலத் தோன்றும். இன்னும் கொஞ்சம் என்று இறுக்கினால் அலுமினியக் குழாய் நசுங்கி, ஃபோர்க்கே தடையின்றி ஏறி இறங்காது. இறுக்கிய போல்ட்டின் தலையிலிருந்து பிராக்கெட் வரை பெயின்ட் மார்க்கரால் ஒரு கோடு போட்டுவிட்டால், பிற்பாடு தளர்ந்ததா என்பதைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடலாம்.

டயலை வைப்பது

புதிதாக மாட்டியவர்கள் செய்யும் தவறு, காசு கொடுத்தோமே என்று டயலைக் கடினமாக வைப்பது. அப்படி வைத்தால் நெரிசலில் நடைவேகத்தில் செல்லும்போது வண்டி நேராகப் போகாது. சமநிலைக்காக நாம் அறியாமலே செய்யும் சின்னச் சின்னத் திருத்தங்களை டேம்பர் தாமதப்படுத்துவதால், குடித்தவர் ஓட்டுவதுபோல் இடமும் வலமும் தள்ளாடும். எனவே மிக மென்மையான நிலையில் தொடங்கி, ஆளில்லாத மைதானத்தில் 20 கிலோமீட்டர் வேகத்தில் எட்டு வடிவில் ஓட்டிப் பாருங்கள். பிறகு இரண்டு கிளிக் கூட்டி மறுபடியும் ஓட்டுங்கள். மெதுவாகச் செல்லும்போது ஹேண்டில் கனக்கத் தொடங்கும் இடத்திலிருந்து இரண்டு கிளிக் குறைத்து நிறுத்துங்கள். உதறல் அடங்கிவிட்டதா என்று பார்ப்பதற்காக வேகத்தில் கையை விட்டுப் பார்க்கும் வேலை மட்டும் வேண்டவே வேண்டாம்.

சட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. ஆகவே பிராக்கெட்டுக்காகச் சட்டகத்தில் துளையிடுவதோ வெல்டிங் செய்வதோ கூடாது. அது சட்டகத்தின் பலத்தையும் குறைக்கும். வாரன்டி இருக்கும் வண்டியென்றால் சர்வீஸ் சென்டரில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் பெயின்ட் கோடுகளைப் பார்த்துவிட்டு, ஒவ்வொரு சர்வீஸின்போதும் மூட்டுகளில் ஆட்டம் இருக்கிறதா என்று கையால் அசைத்துப் பாருங்கள். மழையில் ஓட்டிய பிறகு தண்டில் ஒட்டிய சேற்றை ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள், காய்ந்த மண் சீலைக் கீறிவிடும். தண்டில் எண்ணெய்ப் படலம் தெரிந்தாலோ, திருப்பும்போது இடையில் ஓரிடத்தில் மட்டும் பிடிப்பு விட்டுப்போனாலோ, சீல் போய் உள்ளே காற்று புகுந்திருக்கிறது. அதைச் சரிசெய்து வரும்வரை டேம்பரைக் கழற்றி வைத்துவிட்டு ஓட்டுங்கள்.