ஆன்லைன் போக்கர் பொழப்புல நல்லா ஆடுறவங்களே வழுக்குற இடங்கள்

போக்கர் ஆடியே சம்பாதிக்கிற ஒருத்தரோட ரெண்டு மூணு வருஷ கணக்கை கிராஃப் போட்டுப் பாத்தா கொல்லிமலை ரோடு மாதிரி இருக்கும், எங்க வளையும்னே தெரியாது. ஆட்டமே தெரியாம வந்தவங்களை விடுங்க, அவங்க சீக்கிரமே காசு தீந்து கிளம்பிடுவாங்க. நல்லா ஆடத் தெரிஞ்சும் கவுந்தவங்க கதைதான் எனக்கு எப்பவும் ஆச்சரியம், ஏன்னா அவங்க பண்ணின தப்புல பாதிக்கு மேல சீட்டுக்கே சம்பந்தமில்லாதது, காசை எவ்ளோ வைக்கிறோம் எங்க வைக்கிறோம்ங்கிறது தான்.

ரொம்ப சாதாரணமா நடக்குற தப்பு, ஒரு வாரம் ஜெயிச்சதை வச்சே நாம பெரிய ஆளுன்னு முடிவு பண்றது. கொஞ்சம் கணக்கு பாப்போம். ஒரு தடவை சீட்டு போட்டு ஆடி முடிக்கிறது ஒரு கை, சீட்டு பாக்குறதுக்கு முன்னாடியே கட்டாயமா வைக்க வேண்டிய பெரிய பந்தயம் பிக் பிளைண்ட். ஆறு பேர் டேபிள்ல நூறு கைக்கு 5 பிக் பிளைண்ட் லாபம் பாக்குறவர் நல்ல ஆட்டக்காரர். ஆனா அதே நூறு கைல ஏத்த இறக்கம் மட்டும் 90 பிளைண்ட் கிட்ட இருக்கும். அப்படிப்பட்டவரே 10,000 கை ஆடி முடிக்கும்போது நஷ்டத்துல நிக்கிறதுக்கு பத்துல மூணு வாய்ப்பு இருக்கு. நாலு டேபிள் ஒரே நேரத்துல ஓட்டினா 10,000 கைங்கிறது ஒரு வார வேலை, அவ்ளோதான். ஒரு லட்சம் கை ஆடினாலும் அந்த வாய்ப்பு முழுசா போகாது, 4% கிட்ட நிக்கும். இதையே திருப்பிப் போடுங்க, சுமாரா ஆடுறவனும் ஒரு மாசம் முழுக்க ஜெயிச்சுட்டு வேலையை விட்டுட்டு வரலாம். நிறைய பேர் அப்படித்தான் வராங்க.

அடுத்தது, பேங்க்ரோல், அதாவது ஆட்டத்துக்குன்னு ஒதுக்கி வச்ச காசு, தாங்காத ஸ்டேக்குக்கு (பந்தய அளவுக்கு) தாவுறது. இதுக்கு விக்டர் பிளாமை விட பெரிய உதாரணம் கிடையாது. 2009 கடைசில ஃபுல் டில்ட்னு ஒரு போக்கர் சைட்ல இசில்டுர்1 னு ஒரு பேரு திடீர்னு உலகத்துலயே பெரிய டேபிள்ல வந்து உக்காந்துச்சு, டாம் ட்வான், ஃபில் ஐவி, பாட்ரிக் அன்டோனியஸ்னு அப்போ இருந்த பெரிய ஆட்டக்காரங்க எல்லார்கூடவும் வரிசையா ஆடுது, யாருன்னு ஒருத்தருக்கும் தெரியல. அது இந்த பிளாம் தான், ஸ்வீடன்காரப் பையன், அப்போ வயசு 19. பல மில்லியன் டாலர் மேல போனான். நவம்பர்ல 500/1000 டாலர் பிளைண்ட் ஒமாஹா (போக்கர்ல ஒரு வகை) டேபிள்ல ஒரே கைக்கு 13.5 லட்சம் டாலருக்கு மேல சேந்துச்சு, அதை அன்டோனியஸ் எடுத்துட்டுப் போனார். கணக்கு போட்டா ஒவ்வொருத்தரும் அந்த ஒரு கைல வச்சது அறுநூத்தி சொச்சம் பிக் பிளைண்ட்! டிசம்பர்ல பிரையன் ஹேஸ்டிங்ஸ் கிட்ட ஒரே நாள்ல கிட்டத்தட்ட 42 லட்சம் டாலர் போச்சு.

இந்த ஹேஸ்டிங்ஸ் விஷயத்துல இன்னொரு தப்பும் ஒளிஞ்சிருக்கு. அவரும் பிரையன் டவுன்சென்டும் கோல் சவுத்தும் சேந்து, பிளாம் ஆடின கைகளை எல்லாம் திரட்டி வச்சு அவன் ஆட்டத்தை அலசிட்டு வந்திருந்தாங்க. அது சைட் விதிக்கு முரண்னு பெரிய சண்டையாகி டவுன்சென்டோட ரெட் ப்ரோ (சைட்டோட அதிகாரப்பூர்வ ஆட்டக்காரர்) அந்தஸ்தை ஒரு மாசம் நிறுத்தி வச்சாங்க. அவங்க பண்ணது சரியா தப்பாங்கிறது வேற பேச்சு. எதிர்ல யார் உக்காந்தாலும் நான் ஆடுவேன்னு நிக்கிறவன், தன்னை மூணு பேர் உக்காந்து படிக்கிறாங்கன்னு தெரியாமலே நின்னான் பாருங்க, அது வீம்பு. டென்மார்க்கோட கஸ் ஹேன்சனும் இதே ரகம் தான், நேர்ல ஆடுற டோர்னமென்ட்ல பட்டம் வாங்கின மனுஷன், ஆன்லைன்ல தன்னை விட நல்லா ஆடுறவங்க டேபிள்லயே போய் உக்காந்து ஃபுல் டில்ட்ல மட்டும் 2 கோடி டாலருக்கு மேல விட்டார். போக்கர்ல உலகத்துல பத்தாவது ஆளா இருந்துட்டு, மேல இருக்குற ஒன்பது பேர் கூடவே தினமும் ஆடினா நஷ்டம்தான் வரும், நம்மள விட மோசமா ஆடுறவன் எங்க உக்காந்திருக்கான்னு தேடிப் போறதும் வேலைல சேத்தி.

டோர்னமென்ட் ஆளுங்க பத்தி வர்ற செய்தியை அப்படியே நம்புறது பாக்குறவங்க பண்ற தப்பு. 2003ல கிறிஸ் மனிமேக்கர் ஆன்லைன்ல 86 டாலர் கட்டி உள்ள போய் உலகப் போட்டில 25 லட்சம் டாலர் ஜெயிச்ச கதை எத்தனை பேரை இதுல இழுத்துச்சுன்னு சொல்லவே வேணாம். ஆனா பத்து லட்சம் ஜெயிச்சார்னு போடுறவங்க, அந்த வருஷம் நுழைவு கட்டணமா எவ்ளோ கட்டினார், அதுல யாருக்கு எத்தனை பங்குன்னு போட மாட்டாங்க. ஸ்டேக்கிங்ல, அதாவது வேற ஒருத்தர் போடுற காசுல, ஆடுறவங்களுக்கு மேக்கப்னு ஒண்ணு இருக்கு, காசு போட்டவரோட பழைய நஷ்டம் முழுசா அடையற வரைக்கும் ஜெயிச்சதுல நமக்கு பங்கு வராது. பெரிய பரிசு வாங்கி போட்டோவுக்கு சிரிச்சுட்டு ரூம் வாடகைக்கு கடன் கேக்குறவங்க இருக்காங்கன்னா இதனாலதான். வீட்டு செலவையும் பேங்க்ரோலையும் ஒரே பையில வச்சிருந்தா இன்னும் மோசம்.

இப்போ எனக்கு ரொம்ப உறுத்துற விஷயத்துக்கு வரேன், சைட்ல இருக்குற காசை பேங்க்ல இருக்குற காசுன்னு நினைக்கிறது. கிறிஸ் ஃபெர்குசன் ஒரு டாலர் கூட போடாம ஃப்ரீ டோர்னமென்ட்ல ஆரம்பிச்சு, கையில இருக்குறதுல 5%க்கு மேல ஒரு டேபிள்ல வைக்கமாட்டேன்னு விதி போட்டு, ஒன்றரை வருஷம் போல பொறுமையா 10,000 டாலர் ஆக்கிக் காட்டினார், எல்லாரும் அதைப் பாத்துதான் பாடம் படிச்சாங்க. அவரே ஃபுல் டில்ட் இயக்குநர்கள்ல ஒருத்தர். 2011 ஏப்ரல் 15, அமெரிக்க அரசு பெரிய சைட்டுகளை எல்லாம் முடக்குச்சு. போக்கர்ஸ்டார்ஸ் அவங்க அமெரிக்க ஆளுங்க காசை சீக்கிரமே திருப்பிக் குடுத்துட்டாங்க. ஃபுல் டில்ட்ல உலகம் முழுக்க ஆட்டக்காரங்களுக்கு குடுக்க வேண்டியது 39 கோடி டாலர் கிட்ட, பேங்க்ல இருந்தது 6 கோடி தான்னு அரசு சொல்லுச்சு. அதாவது 5% விதியை ஒழுங்கா கடைப்பிடிச்சவன் காசும், ஒரே கைல மொத்தத்தையும் வைக்கிறவன் காசும் ஒண்ணா மாட்டிக்கிச்சு. அப்புறம் போக்கர்ஸ்டார்ஸ் ஃபுல் டில்ட்டை வாங்கி, அமெரிக்க ஆட்டக்காரங்களுக்கு காசு வர ஆரம்பிச்சப்போ 2014 பிப்ரவரி. அதுக்குள்ள நிறைய பேர் தொழிலை விடாம கனடா, மெக்சிகோன்னு வீடு மாத்திட்டாங்க, சிலர் ஆட்டத்தையே விட்டாங்க.

சட்டம் மாறாதுன்னு நம்பி வாழ்க்கையை அடுக்குறதும் இதே தப்போட தம்பி தான். நம்ம ஊர்லயும் பாத்தோமே, 2023ல சென்னை உயர் நீதிமன்றம் தமிழ்நாட்டு சட்டத்துல ரம்மிக்கும் போக்கருக்கும் இருந்த தடையை நீக்கினப்போ அப்பாடான்னு இருந்தவங்க, 2025 ஆகஸ்ட்ல பார்லிமென்ட் காசு வச்சு ஆடுற ஆன்லைன் ஆட்டம் எல்லாத்தையும் ஒட்டுமொத்தமா தடை பண்ணினப்போ ரெண்டே நாள்ல வேலை இல்லாதவங்க ஆனாங்க. ஆப் எல்லாம் டெபாசிட்டை மூடிட்டு, இருக்குற காசை எடுத்துக்கோங்கன்னு மெசேஜ் போட்டுச்சு, ஃபுல் டில்ட் ஆளுங்களுக்கு அந்த மெசேஜ் கூட வரல.