காஞ்சு கிடக்குற ஏரில வண்டிய இறக்குறதுக்கு முன்னாடி

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை பக்கம் ஞாயித்துக்கிழமை ஆனா பசங்க டர்ட் பைக்கு, பழைய ஜீப்புன்னு எடுத்துகினு ஏரிக்குள்ள இறங்கிடுறாங்க, கேட்டா "தண்ணியே இல்லையேண்ணா, சும்மா கிடக்குற எடம்தானே"ன்றாங்க. நானும் வண்டி ஓட்டுறவன்தான், அந்த ஆசை புரியுது. ஆனா எங்க கழனி ஏரிப் பாசனம், அந்த ஏரி சும்மா கிடக்கல.

மொதல்ல மண்ண பாருங்க. வண்டிய ரோட்டுலயே நிறுத்திட்டு நடந்து உள்ள போங்க, செருப்ப கழட்டிட்டு குதிகால ஊனி அழுத்துங்க, குழி விழுந்து பளபளன்னு ஈரம் தெரிஞ்சா அன்னிக்கு அங்க வண்டி வேணாம். ஈர வண்டல்ல டயர் ஏறினா மண்ணுக்குள்ள இருக்குற சந்து பொந்தெல்லாம் நசுங்கி இறுகிடும், அதுவும் மொத ரெண்டு மூணு ரவுண்டுலயே பெரும்பாலான சேதம் முடிஞ்சிடும், அப்புறம் தண்ணி கீழ எறங்குறதுக்கு வழி கொறைஞ்சிடும். கரைக்கு அந்தாண்ட இருக்குற கெணறுங்களுக்கு ஊத்து வர்றதே அந்த வழியாதான். மேல பாளம் பாளமா வெடிச்சிருந்தா காஞ்சிடுச்சின்னு நம்பாதீங்க, ஒரு பாளத்த பேத்து பாருங்க, அடில சில்லுன்னு ஈரம் இருக்கும், நத்தை வாய மூடிகினு கிடக்கும், அல்லிக் கிழங்கும் கோரைக் கிழங்கும் மழைக்காக காத்துகினு கிடக்கும்.

பங்குனில இருந்து ஆவணி வரைக்கும் இன்னும் உஷாரா இருக்கணும். ஆள்காட்டிக் குருவி கூடே கட்டாது, தரைல லேசா ஒரு பள்ளம், சுத்தி நாலு சின்னக் கல்லு, அதுல மண் கலர்ல கருப்புப் புள்ளி போட்ட மாதிரி பெரும்பாலும் நாலு முட்டை. நின்னு பாத்தாலே தெரியாது, ஹெல்மெட்டுக்குள்ள இருந்து எப்படி தெரியும்? தலைக்கு மேல கத்திகினே ஒரு குருவி சுத்துனா முட்டை பக்கத்துலதான் இருக்குன்னு அர்த்தம், வந்த தடத்துலயே திரும்பிடுங்க. பாலாத்து மணலும் இதே கதைதான், பட்டாணி உள்ளான்ற சின்னக் குருவி அங்கதான் முட்டை வைக்கும்.

கரை மேல மட்டும் எந்தக் காலத்துலயும் வண்டிய ஏத்தாதீங்க, இத கெஞ்சியே கேக்குறேன். எங்க ஏரில போன வருஷம் ஒரே எடத்துல ஏத்தி ஏத்தி இறக்குனாங்க, புல்லு போயி ஒரு சாண் ஆழத்துக்கு தடம் விழுந்துச்சு, ஐப்பசி மழைல அந்தத் தடத்துலயே தண்ணி ஓடி ஓடி இடுப்பளவு பள்ளமாயிடுச்சு. ஏரி ரொம்பி கோடி போற (மிச்சத் தண்ணி வழிஞ்சி வெளிய போற) நேரம், ராத்திரி பதினோரு மணிக்கு டார்ச் அடிச்சிகினு மணல் மூட்டை அடுக்குனோம், எங்கப்பா கை நடுங்குனத அன்னிக்குதான் பாத்தேன்.

தடம் விழுந்துட்டா மழைக்கு முன்னாடியே சரி பண்ணணும். சும்மா மண்ண கொட்டுனா மொத மழைலயே கரைஞ்சிடும். பழைய பள்ளத்த கொத்தி விட்டு, களிமண்ண அரை அடி அரை அடியா போட்டு, லேசா தண்ணி தெளிச்சு, திமிசுக் கட்டையால நல்லா இடிச்சு, மேல அருகம்புல்ல வேரோட பதிச்சு விடுங்க. உள்ள வண்டல்ல விழுந்த தடம்னா ஈரம் இருக்கும்போதே மண்வெட்டியால ரெண்டு பக்க வரப்பையும் தட்டி மூடிடுங்க, காஞ்சா கல்லாயிடும்.

வண்டி ஓட்டியே ஆகணும்னா ஏற்கெனவே இருக்குற மாட்டுவண்டிப் பாதைல போங்க, இல்ல தெரிஞ்சவங்க கொல்லை மேட்டுல கேட்டுட்டு ஓட்டுங்க. ஏரில வண்டிய கழுவாதீங்க, ஆயில் கலக்கும். டயர் சேத்தையும் வேற ஏரிக்கு எடுத்துட்டுப் போகாதீங்க, அதுல பார்த்தீனியம் களை விதை ஒட்டிகினு இருக்கலாம்.

கரை பெருசா உடைஞ்சிருந்தா நீங்களா கை வைக்க வேணாம். நூறு ஏக்கருக்கு மேல பாசனம்னா நீர்வளத்துறை, அதுக்குக் கீழன்னா பொதுவா ஊராட்சி ஒன்றியம். மதகுல இருந்து எத்தனை அடின்னு நடந்து அளந்து, போட்டோவோட மனு எழுதி, திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாள்ல குடுத்துட்டு ரசீது வாங்கிகினு வாங்க.