'யு' கோட் வந்தால் முதலில் மீற்றரை எடுங்கள்

காரில் ஏபிஎஸ் (பிரேக்), ஸ்ரியரிங் லைற்றுகள் ஒரேயடியாக எரிந்து, ஸ்கானரில் யு0100, யு0121 என்று 'யு' கோட் (யூனிற்றுகளுக்கு இடையே பேச்சு அறுந்ததைச் சொல்லும் குறியீடு) வந்தால், காரை இயக்கும் எல்லாக் கொம்பியூற்றர் யூனிற்றும் ஒரே நாளில் செத்துவிட்டதாக நினைக்காதீர்கள். அநேகமாக அவை ஒன்றோடொன்று பேசும் கான் வயரிலோ, கறன்ற்றிலோ, எர்த்திலோதான் கோளாறு. அதனால் முதலில் பற்றரி வோல்ற்றேஜையும் எர்த் வயர்களையும் பாருங்கள்.

சரி, அது நல்லதென்றால் பற்றரி நெகற்றிவ்வைக் கழற்றி, பத்து நிமிடம் விட்டு, ஸ்கானர் சொக்கற்றின் 6ஆம், 14ஆம் பின்களுக்கு இடையே மல்ரிமீற்றரால் ஓம் அளவிடுங்கள். 60 வந்தால் லைன் பெரும்பாலும் நல்லது. லைனின் இரு முனையிலும் ஆளுக்கொரு 120 ஓம் ரெசிஸ்ரர் இருக்கிறது; இரண்டும் சமாந்தரமாகச் சேர்ந்தால்தான் 60. மீற்றர் 120 காட்டினால் ஒரு பக்கம் அறுந்திருக்கிறது. பூச்சியத்துக்குக் கிட்ட வந்தால் இரண்டு வயரும் முட்டுகின்றன. யூனிற்றுகளின் சொக்கற்றுகளை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள், எதைக் கழற்றும்போது அளவு ஏறுகிறதோ அங்கேதான் ஆள். இடையில் கேற்வே (லைன்களைப் பிரித்து இணைக்கும் யூனிற்) உள்ள புதிய கார்களில் மட்டும் இந்தக் கணக்கு சரிவராது.

போன மாரியில் எனக்கும் ஏபிஎஸ் யூனிற்றை மாற்றச் சொன்னார்கள். நல்லகாலம், மாற்றவில்லை. கால்மாட்டுக் காபெற்றைத் தூக்கினால், கீழே ஈரச் சொக்கற்றில் பச்சைக் களிம்பு! யாழ்ப்பாணத்துப் பண்ணைப் பாலத்தால் தினமும் உப்புக் காற்றில் ஓடுகிறவர்கள் அந்த இடத்தை முதலில் பாருங்கள். அப்புறம் எலி. வயரைக் கடிப்பதில் அதற்குத் தனி ருசி.