கார்பன் ஃபைபர் துணியில் ஒட்டுக் கோணாமல் இருக்க

கார் பானெட்டுக்கு 1 மீட்டர் அகல ட்வில் (சாய்வுக் கோடு தெரியும் நெசவு) கார்பன் துணி போதவில்லை. நடுவில் ஒட்டுப் போட்டே ஆகவேண்டும். வெட்டினால் ஓர இழைகள் உதிரும். அதனால் ஒவ்வொரு பாதியிலும், மோல்டை (அச்சை) தொடாமல் மேலே இருக்கப்போகும் பக்கத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டி, டேப்போடு சேர்த்தே வெட்டினேன். ஒரு பாதியை அப்படியே வைத்து, மறுபாதியைப் புரட்டிப் போட்டேன். சாய்வுக் கோடுகள் எதிரெதிராக வந்து மீன்முள் போல் அமைந்தன. ஒளித்து வைக்கவேண்டிய கோடு டிசைனாகவே ஆகிவிட்டது!

மோல்டில் பூசிய எபாக்ஸி ஜெல்கோட் (வெளிப்பரப்பாக அமையும் பிசின் பூச்சு) பிசுபிசுப்பாக இருக்கும்போதே இரண்டு ஓரங்களையும் முட்டவைத்து அழுத்தினேன். ஒன்றின்மேல் ஒன்று ஏறினால் மேடு தெரியும். துணி பிடித்த பிறகு டேப்பைத் தாழ்வாக மடக்கி, ஓரத்தின் நீளவாக்கிலேயே மெதுவாக உரித்தேன்.

முட்டவைத்த இடத்தில் இழை தொடர்வதில்லை, அதனால் பலமும் இல்லை. ஒட்டின் பின்னால் 50 மி.மீ. அகல கார்பன் துணிப் பட்டை ஒன்று கட்டாயம். அடுத்த அடுக்கின் ஒட்டைத் தள்ளிப் போட்டு, 25 மி.மீ. மேலேற விட்டேன், அது வெளியே தெரியாது.